பெருந்தொற்றில் இறந்த பெண்களின் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா பெருந்தொற்றைப் பற்றித் தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையில், இந்தியாவில் இந்நோய்க்குப் பலியானவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஆண்கள் என்றும், பெண்களுக்கு இயற்கை அளித்த எதிர்ப்பாற்றலே அவர்களைக் காத்தது என்றும் எழுதப்பட்டிருந்தது. முதலாவது அரசு வெளியிட்ட எண்ணிக்கை. இரண்டாவது, அந்த எண்ணிக்கையைக் கொண்டு கட்டுரையாளர் எட்டிய முடிவு. நகராட்சி ஒன்றில் சுகாதார ஆய்வாளராகப் பணியாற்றிப் பிறப்பு இறப்புப் பதிவேட்டைப் பல ஆண்டுகள் கையாண்டவன் என்ற முறையில், இவ்விரண்டுக்கும் நடுவே விடுபட்டுப் போனவற்றைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

கட்டுரையாளர் எடுத்துக்காட்டிய எண்ணிக்கையில் பிழை இல்லை. 2020 ஏப்ரல் முதல் வாரத்தில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட தகவலின்படி, அதுவரை தொற்று உறுதியானவர்களில் 76 விழுக்காட்டினரும், இறந்தவர்களில் 73 விழுக்காட்டினரும் ஆண்களே. அதே ஆண்டு ஆகஸ்டில் இறந்தவர்களில் ஆண்களின் பங்கு 68 விழுக்காடு என்று அமைச்சகம் தெரிவித்தது. இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதும் அன்று. சீனாவில் 2020 பிப்ரவரி வரை தொற்று உறுதியான 44,672 பேரை ஆராய்ந்தபோது, ஆண்களில் 2.8 விழுக்காட்டினரும் பெண்களில் 1.7 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர்.

இதற்கான உடலியல் காரணங்களும் ஊகங்கள் அல்ல. கிருமியின் மரபுப் பொருளை இனங்கண்டு உடலை விழிக்கச் செய்யும் டிஎல்ஆர்7 என்ற மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்களுக்கு அதில் இரண்டு பிரதிகள், ஆண்களுக்கு ஒன்று மட்டுமே. அந்த ஒன்று பழுதுபட்டிருந்தால் மாற்று இல்லை. நெதர்லாந்தில் முன்னர் எந்த நோயும் இல்லாத இளம் சகோதரர்கள் சிலர், இரு குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், 2020இல் கடுமையாகப் பாதிக்கப்பட்டபோது மருத்துவர்கள் கண்டறிந்தது இந்தப் பழுதைத்தான். அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில், உயிருக்குப் போராடிய 987 நோயாளிகளில் 101 பேரின் உடல், வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரானைத் தானே முடக்கும் எதிர்ப்புப் புரதங்களை உற்பத்தி செய்திருந்தது தெரியவந்தது. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். இவற்றோடு பீடி, சிகரெட் பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2016-17ஆம் ஆண்டுக்கான தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டு ஆண்களில் 19 விழுக்காட்டினரும் பெண்களில் 2 விழுக்காட்டினரும் புகைப்பவர்கள்.

நம் மாநிலத்திலிருந்தே வலுவான சான்று கிடைத்திருக்கிறது. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் களப்பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று திரட்டிய தகவல்களைக் கொண்டு, தொற்று உறுதியான 84,965 பேரையும் அவர்களோடு தொடர்பிலிருந்த 5,75,071 பேரையும் ஆராய்ந்த கட்டுரை 2020இல் சயின்ஸ் ஆய்விதழில் வெளிவந்தது. தொற்று உறுதியானவர்களிடையே பெண்களைவிட ஆண்களுக்கு இறப்பு அபாயம் அதிகம் என்று அதுவும் காட்டியது. எனவே தொற்று கண்டறியப்பட்டு மருத்துவக் கண்காணிப்புக்குள் வந்துவிட்ட ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் ஒப்பிட்டால், ஆணுக்கே ஆபத்து அதிகம் என்பதில் எனக்கு மாறுபட்ட கருத்து இல்லை. மருத்துவக் கண்காணிப்புக்குள் வந்தவர்கள் யார் என்பதுதான் என் கேள்வி.

சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காக 2020 ஆகஸ்ட், செப்டம்பரில் 70 மாவட்டங்களில் 29,082 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தார்கள். அறிகுறி இருந்ததா, மருத்துவமனைக்குப் போனாரா என்று பாராமல், தேர்ந்தெடுத்த ஊர்களிலும் வார்டுகளிலும் நேரே வீடுகளுக்குப் போய் இரத்தம் எடுத்து, தொற்று வந்து போனதற்கான தடயம் இருக்கிறதா என்று பார்க்கும் கணக்கெடுப்பு அது. அதன் முடிவில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வைரஸ் இரு பாலரையும் ஏறத்தாழச் சம அளவில்தான் தொற்றியிருந்தது. ஆனால் அதே ஆண்டு மே மாதம் வரை ஆய்வகங்களில் தொற்று உறுதியானவர்களில் 66 விழுக்காட்டினர் ஆண்கள், 34 விழுக்காட்டினர் மட்டுமே பெண்கள். இரு கணக்குகளும் வெவ்வேறு மாதங்களுக்கு உரியவை என்பதை மறக்கவில்லை. தொடக்கத்தில் வெளியூர் சென்று திரும்பிய ஆண்களிடமே தொற்று அதிகம் இருந்தது என்பதும் உண்மை. அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும், தொற்றிய பெண்களில் பெரும் பகுதியினர் பரிசோதனை மேசைக்கு வரவே இல்லை என்ற முடிவைத் தவிர்க்க முடியவில்லை. கணக்கில் ஏறிய ஒவ்வொருவருக்கும் உண்மையில் 26 முதல் 32 பேர் வரை தொற்றுக்கு உள்ளாகியிருந்தார்கள் என்றும் அதே ஆய்வு மதிப்பிட்டது. கணக்கில் ஏறாத அந்தப் பெருங்கூட்டத்தில் பெண்கள் எத்தனை பேர் என்பதை எந்தச் செய்திக்குறிப்பும் சொல்லவில்லை.

டெல்லியில் உள்ள பொருளாதார வளர்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்களும் பிறரும் 2020 மே மாதம் வரையிலான விவரங்களைக் கணக்கிட்டபோது கிடைத்த முடிவையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். தொற்று உறுதியான ஆண்களில் இறந்தவர்கள் 2.9 விழுக்காடு, பெண்களில் 3.3 விழுக்காடு. சீனாவில் கண்ட விகிதத்துக்கு இது நேர்மாறானது. நம் நாட்டுப் பெண்களின் உடல் உலகத்துப் பெண்களின் உடலிலிருந்து வேறுபட்டது என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. இலேசான காய்ச்சலோடு வந்த பெண்கள் குறைவு, மூச்சு முட்டிய பிறகு தூக்கிக்கொண்டு வரப்பட்ட பெண்கள் அதிகம் என்று கொண்டால் மட்டுமே இந்த எண்கள் பொருந்துகின்றன.

அந்த மாதங்களில் வார்டு வார்டாகக் காய்ச்சல் முகாம் நடத்தியவர்களுக்கு இது வியப்பளிக்காது. களப்பணிப் பெண்கள் கையில் வெப்பமானியும் ஆக்சிமீட்டரும் கொண்டு தெருவில் இறங்குவார்கள். கதவைத் திறப்பவர் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்ணாகவே இருப்பார். வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யாருக்குச் சளி என்று கேட்டால், வீட்டுக்காரருக்கு நேற்று உடம்பு சுட்டது, மாமனாருக்கு இருமல் நிற்கவில்லை, பிள்ளைக்கு வாய் கசக்கிறதாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். உங்களுக்கு என்ன என்று கேட்டால் வரும் விடை ஒன்றே: "எனக்கென்னங்க, நல்லாத்தான் இருக்கேன்." விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினால் இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 91, 92 என்று குறைவாகக் காட்டும். அதைச் சொன்ன பிறகும், கோவிட் கவனிப்பு மையத்துக்கு வர அவர் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார். பிள்ளைகளை யாரிடம் விடுவது, படுத்திருக்கும் மாமியாருக்கு யார் கஞ்சி வைப்பது, பள்ளிக்கூடத்திலோ திருமண மண்டபத்திலோ அமைத்த மையத்தில் கழிப்பறை எப்படி இருக்கும் என்பன அவர் எழுப்பும் கேள்விகள். இவற்றில் எதுவும் வீண் சாக்கு அன்று. எங்களிடம் அவற்றுக்குச் சரியான பதிலும் இல்லை. ஒற்றை அறை வீட்டில் தனிமைப்படுத்தல் என்பது, நோயாளியான கணவர் அறையிலும் மற்றவர்கள் திண்ணையிலுமாகப் பிரிந்திருக்க, இரண்டு பக்கமும் போய்வரும் ஒரே ஆளாக மனைவி இருந்தார் என்பதே.

இப்படி மருத்துவமனைக்கு வராமலே ஒருவர் இறந்தால் பதிவேட்டில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விளக்கியாக வேண்டும், ஏனெனில் பொதுமக்களில் பலர் இறப்புச் சான்றிதழை மட்டுமே கண்டிருப்பார்கள். 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி ஒரு மரணத்தை 21 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அதற்கான படிவம் 2 இரு பகுதிகளைக் கொண்டது. சட்டப் பகுதியில் பெயர், பாலினம், வயது, இறந்த நாள், இறந்த இடம் ஆகியவை இருக்கும், சான்றிதழில் அச்சாவது அதுவே. புள்ளியியல் பகுதியில்தான் மரணத்துக்கு முன் மருத்துவமனைச் சிகிச்சை கிடைத்ததா, வேறு மருத்துவ உதவி கிடைத்ததா, அல்லது எதுவுமே கிடைக்கவில்லையா என்ற கேள்வி வருகிறது. இறந்தவர் பெண்ணாக இருந்தால், கருவுற்றிருந்தபோதா, பேறுகாலத்திலா, அல்லது அதன் பின் ஆறு வாரங்களுக்குள்ளா என்ற கேள்வியும் இருக்கிறது. புகைப்பழக்கம் பற்றிய கேள்விகூட உண்டு. இந்தப் பகுதி தனியே பிரிக்கப்பட்டு மேலிடத்துக்குப் போகும்.

மருத்துவமனையில் இறந்தால் மருத்துவர் படிவம் 4இல் காரணத்தை எழுதித் தருவார். வீட்டில் இறந்தால், பார்த்துவந்த மருத்துவர் இருந்தால்தான் 4ஏ படிவம். இல்லையென்றால் தெரிவிக்க வருபவர் சொல்வதே காரணம். காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, முதுமை என்ற நான்கைந்து சொற்களுக்குள் அது முடிந்துவிடும். நாடு முழுவதும் 2020இல் பதிவான மரணங்களில் மருத்துவர் காரணத்தைச் சான்றளித்தவை 22.5 விழுக்காடு மட்டுமே என்று இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகமே தெரிவித்திருக்கிறது. இவ்விகிதத்தில் தமிழ்நாட்டின் நிலை பல வட மாநிலங்களைவிட மேல். ஆனாலும் வீட்டு மரணம் வீட்டு மரணமே. தொற்று உறுதிச் சான்று இல்லாத பெண்ணின் பெயர் கொரோனா பட்டியலில் ஏற வழியே இல்லை. உச்ச நீதிமன்றத்தின் உத்தரவையடுத்து 2021இல் அறிவிக்கப்பட்ட 50,000 ரூபாய் நிவாரணத்துக்கும் அந்தச் சான்றே அடிப்படையாக இருந்ததால், அவருடைய குடும்பம் விண்ணப்பித்திருக்கவும் வாய்ப்பில்லை.

பதிவே ஆகாமல் போவது இன்னொன்று. ஓர் ஆண் இறந்தால் பட்டா மாற்றம், வங்கிக் கணக்கு, காப்பீடு, குடும்ப ஓய்வூதியம், வாரிசுச் சான்றிதழ் என்று பத்து வேலைகளுக்கு இறப்புச் சான்றிதழ் தேவை. ஆகவே காரியம் முடிந்த மறுநாளே மகன்கள் அலுவலகத்துக்கு வந்துவிடுவார்கள். தன் பெயரில் நிலமோ வைப்புத்தொகையோ இல்லாத மூதாட்டி இறந்தால், குடும்ப அட்டையில் பெயர் நீக்குவதைத் தவிர யாருக்கும் அவசரம் இல்லை. அதிலும் அரிசி அளவு குறையும் என்று தள்ளிப்போடுபவர்கள் உண்டு. ஓராண்டு கடந்தால் கோட்டாட்சியர் அலுவலகம் வரை அலைய வேண்டும் என்பதால் பலர் விட்டேவிடுகிறார்கள். நாட்டில் 2020இல் பதிவான ஏறத்தாழ 81 லட்சம் மரணங்களில் ஆண்கள் 60.2 விழுக்காடு, பெண்கள் 39.8 விழுக்காடு. மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதியாக உள்ள பெண்கள் மரணத்தில் ஐந்தில் இரண்டு பங்காக மட்டுமே தோன்றுவதற்கு, ஆண்கள் இளமையிலேயே அதிகம் இறப்பது ஒரு காரணம் என்றால், பெண்களின் மரணம் பதிவுக்கு வராதது மற்றொரு காரணம்.

இந்தப் பின்னணியில்தான் 2024 ஜூலையில் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வெளியான ஆய்வைப் படிக்க வேண்டும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வுக்காக 14 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் 2021இல் சந்திக்கப்பட்ட குடும்பங்களில், ஏறத்தாழ 7.65 லட்சம் பேரின் விவரங்களை அது பயன்படுத்தியது. அதன் சிறப்பு, பதிவேட்டையோ பரிசோதனையையோ நம்பாமல், உங்கள் வீட்டில் அண்மைக் காலத்தில் யாராவது இறந்தார்களா என்று நேரில் கேட்ட விடைகளின் மீது நின்றது. 2019ஐ ஒப்பிட 2020இல் இந்தியர்களின் சராசரி ஆயுள் 2.6 ஆண்டுகள் குறைந்தது என்றும், அந்த இழப்பு ஆண்களுக்கு 2.1 ஆண்டுகள், பெண்களுக்கு 3.1 ஆண்டுகள் என்றும் அது கூறியது. மேலை நாடுகளில் ஆண்களின் இழப்பு பெரிதாக இருக்க, இங்கே பெண்களின் இழப்பு ஓர் ஆண்டு கூடுதல்.

மத்திய சுகாதார அமைச்சகம் இதை உடனே மறுத்தது. ஒரு பகுதிக் குடும்பங்களை வைத்து நாடு முழுவதற்கும் கணக்கிடுவது தவறு என்றது. அந்த ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது, 2020இல் 11.9 லட்சம் மரணங்கள் கூடுதலாக நேர்ந்தன என்ற ஆய்வின் மதிப்பீட்டைக் கேள்விக்கு உட்படுத்தலாம். ஆனால் பெண்களைப் பற்றிய முடிவுக்கு அமைச்சகம் சொன்ன மறுப்பு எனக்கு ஏற்புடையதாக இல்லை. பதிவான கொரோனா மரணங்களில் ஆண்களும் பெண்களும் 2:1 என்ற விகிதத்தில் இருப்பதால், பெண்கள் அதிகம் பாதிக்கப்பட்டிருக்க முடியாது என்பது அதன் வாதம். பதிவேடு பெண்களை விட்டுவிட்டதா என்பதே வழக்காக இருக்கும்போது, அந்தப் பதிவேட்டையே சாட்சியாக அழைப்பது எப்படிப் பொருந்தும்? 2020இல் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட மரணங்கள் பதிவாகிவிட்டன என்றும் அமைச்சகம் சொன்னது. பதிவாளர் நாற்காலியில் அமர்ந்தவர்களில் எத்தனை பேர் அதை அப்படியே ஒப்புக்கொள்வார்கள் என்று தெரியவில்லை.

ஆண்களே உடலளவில் நலிந்தவர்கள் என்றால், பெண்களின் ஆயுள் இழப்பு எப்படிக் கூடுதலாக இருக்க முடியும் என்று வாசகர்கள் கேட்கலாம். ஒரு பெருந்தொற்று ஆண்டில் இறப்பவர்கள் எல்லாம் அந்தக் கிருமியால் மட்டும் இறப்பதில்லை. பேருந்து நின்றபோது டயாலிசிஸுக்கும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் போக முடியாமல் போனவர்கள், வருமானம் நின்றதும் சர்க்கரை மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் விழுங்கியவர்கள், பிரசவ வலியோடு இரண்டு மூன்று மருத்துவமனைகளுக்கு அலைக்கழிக்கப்பட்டவர்கள் ஆகியோரும் அந்தக் கணக்கில் சேர்கிறார்கள். கையில் இருக்கும் பணம் சுருங்கும்போது வீட்டில் யாருடைய மருந்து முதலில் நிற்கிறது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு போனது. அதன் பயனைச் சொல்லும் ஆண்டறிக்கைகள், முந்தைய ஒன்றரை ஆண்டில் மாத்திரை கிடைக்காமல் இறந்த பெண்களைப் பற்றியும் ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

கிருமி ஒன்றே ஆனாலும் நாட்டுக்கு நாடு விளைவு மாறும் என்பதற்கு நூறாண்டுக்கு முந்தைய சான்று நம்மிடமே இருக்கிறது. 1918 ஜூனில் பம்பாய்த் துறைமுகம் வழியாக வந்திறங்கிய இன்ஃபுளுவென்சா, செப்டம்பருக்குப் பின் கொடிய இரண்டாம் அலையாகி, இந்தியாவில் 1.2 கோடிக்கும் 2 கோடிக்கும் இடைப்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதாக மதிப்பிடுகிறார்கள். சென்னை மாகாணத்தில் சேதம் பம்பாய், மத்திய மாகாணங்களைவிடக் குறைவு. அமெரிக்காவில் அதே காய்ச்சலுக்கு ஆண்களே அதிகம் இறந்தார்கள். அங்கு காசநோய் ஆண்களிடம் மிகுந்திருந்ததே அதற்குக் காரணம் என்று மக்கள்தொகையியலாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள். இந்தியாவிலோ பெண்களின் இறப்பு விகிதம் ஆண்களுடையதைவிட அதிகமாக இருந்தது, குறிப்பாக 20 முதல் 40 வயது வரையிலான பெண்களிடையே. 1911 கணக்கெடுப்பில் 1,000 ஆண்களுக்கு 964ஆக இருந்த பெண்களின் எண்ணிக்கை 1921இல் 955ஆகக் குறைந்தது. அந்தச் சரிவுக்கு இன்ஃபுளுவென்சா மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, என்றாலும் அதன் பங்கை யாரும் மறுப்பதில்லை. 1918இல் பருவமழை பொய்த்திருந்தது, தானிய விலை ஏறியிருந்தது. அரைவயிற்றுக் கஞ்சியோடு, படுத்தவர்களுக்குப் பணிவிடை செய்துகொண்டே காய்ச்சலோடு நடமாடிய பெண்கள்தான் அதிகம் மாண்டார்கள் என்பதே அக்காலத்து அதிகாரிகளும் பின்வந்த வரலாற்றாசிரியர்களும் தரும் விளக்கம். எக்ஸ் குரோமோசோம் அன்றும் இரண்டுதான் இருந்தது.

கர்ப்பிணிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் அவர்களைப் பற்றி மட்டும் நம்பகமான கணக்கு இருக்கிறது. மும்பை நாயர் மருத்துவமனையில் தொடங்கிய பதிவேட்டின் அடிப்படையில், தொற்றுக்கு உள்ளான 1,530 கர்ப்பிணிகளையும் பேறுகாலப் பெண்களையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆராய்ந்தது. முதல் அலையில் அவர்களில் 14.2 விழுக்காட்டினருக்கு அறிகுறிகள் இருந்தன, இரண்டாம் அலையில் 28.7 விழுக்காட்டினருக்கு. இறப்பு விகிதம் 0.7 விழுக்காட்டிலிருந்து 5.7 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. அந்த இரண்டாம் அலை 2021 ஏப்ரலிலும் மே மாதத்திலும் உச்சத்தில் இருந்தது. தடுப்பூசி ஜனவரி 16ஆம் நாளே வந்துவிட்டது. ஆனால் கர்ப்பிணிகள் தடுப்பூசி போட்டுக்கொள்ள மத்திய அரசு அனுமதி அளித்தது ஜூலை 2ஆம் நாள். தடுப்பூசிச் சோதனைகளில் அவர்கள் சேர்க்கப்படாததால் தயக்கம் இருந்தது என்ற காரணம் எனக்குத் தெரியும். அடுத்த முறையும் அவர்களைச் சோதனைகளில் சேர்க்காமல் விட்டால் அதே தயக்கம் மீண்டும் வரும். மாதவிலக்குக்கு ஐந்து நாள் முன்பும் பின்பும் ஊசி போடக் கூடாது என்ற வாட்ஸ்அப் வதந்தி அந்த ஏப்ரலில் தெருத்தெருவாகப் பரவியது. மத்திய அரசின் மறுப்பு வந்த பிறகும் முகாமுக்கு வந்து திரும்பிப் போன பெண்கள் பலர். 2021 ஜூன் தொடக்கத்தில் நாட்டில் ஊசி போட்ட பெண்களைவிட ஆண்கள் 17 விழுக்காடு அதிகம். அந்த இடைவெளி பின்னர் பெருமளவு குறைந்தது. நோய் நீங்கிய பின்னும் மாதக்கணக்கில் நீடிக்கும் களைப்பும் மூச்சிரைப்பும் பெண்களிடமே கூடுதல் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்கென்று எந்தப் பதிவேடும் இங்கே இல்லை.

இவற்றையெல்லாம் எழுதுவதால் ஆண்களின் இழப்பைச் சிறிதாக்குவதாக யாரும் எண்ண வேண்டாம். நாற்பது, ஐம்பது வயதில் ஓட்டுநர்களாகவும் கடைக்காரர்களாகவும் கொத்தனார்களாகவும் இருந்தவர்கள் போனதால் கடனோடு நிற்கும் குடும்பங்களை ஒவ்வொரு தெருவிலும் காணலாம். நான் கேட்பது, பெண்களின் கணக்கையும் அதே துல்லியத்தோடு பார்க்க வேண்டும் என்பதே, அதற்கான வசதி தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் சுகாதாரத் துறை நாள்தோறும் வெளியிட்ட அறிக்கையைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். ஆண், பெண், மூன்றாம் பாலினத்தவர் என்று தனித்தனியே தொற்று எண்ணிக்கையைத் தந்ததோடு, இறந்த ஒவ்வொருவரின் வயது, பாலினம், மாவட்டம், இணைநோய், மருத்துவமனையில் சேர்ந்த நாள், இறந்த நாள் ஆகியவற்றைப் பெயர் இல்லாமல் அது பட்டியலிட்டது. பல மாநிலங்கள் செய்யாத பணி அது. ஏறத்தாழ 38,000 பேரின் அந்தப் பட்டியலில் சேர்க்கைக்கும் மரணத்துக்கும் இடைப்பட்ட நேரத்தை ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே கணக்கிட்டாலே, பெண்கள் தாமதமாகக் கொண்டுவரப்பட்டார்களா என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

மீதிப் பாதி பிறப்பு இறப்புப் பதிவேட்டில் இருக்கிறது. நம் மாநிலத்தில் பொது சுகாதாரத் துறை இயக்குநரே பிறப்பு இறப்புகளின் தலைமைப் பதிவாளரும் ஆவார் என்பதால், ஒரு துறை மற்றொரு துறைக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டிய நிலையும் இல்லை. 2018 முதல் 2022 வரையிலான மரணங்களை மாவட்டம், மாதம், பாலினம், வயதுப் பிரிவு வாரியாகவும், வீட்டு மரணம், மருத்துவமனை மரணம் என்று பிரித்தும், பெயர் முகவரி இல்லாமல் வெளியிட வேண்டும். மரணத்துக்கு முன் மருத்துவ உதவி கிடைத்ததா என்ற கேள்விக்கான விடைகளையும், பேறுகாலம் பற்றிய கேள்விக்கான விடைகளையும் அதனுடன் சேர்க்க வேண்டும். 2021 மே மாதத்தில் வீட்டில், எந்த மருத்துவ உதவியும் இல்லாமல் இறந்த பெண்கள் எத்தனை பேர், முந்தைய ஆண்டுகளின் மே மாதங்களில் எத்தனை பேர் என்று ஒப்பிட ஒரு மாதம் போதும். பதிவுக்கே வராத மரணங்களுக்கு, அங்கன்வாடிப் பணியாளர்களும் கிராம சுகாதாரச் செவிலியர்களும் வைத்திருக்கும் குடும்பக் குறிப்பேடுகளை மாதிரிக்குச் சில ஒன்றியங்களில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தங்கள் நாளிதழ் இக்கோரிக்கையைத் துறையின் கவனத்துக்குக் கொண்டுசெல்லுமானால், கட்டுரையாளர் எழுதிய முடிவு சரியா தவறா என்பதை அந்த எண்களைக் கொண்டே உறுதிசெய்துகொள்ளலாம். அது சரி என்று தெரியவந்தால் ஏற்றுக்கொள்ள எனக்குத் தடை இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகராட்சி சுகாதார ஆய்வாளர்,
தஞ்சாவூர் மாவட்டம்.